இறங்காமல் திரும்பிய விமானம்

சில வருடங்களுக்கு முன், ஒரு மே மாதக் கடைசியில், சென்னையிலிருந்து போர்ட் பிளேருக்குப் போய்க்கொண்டிருந்தேன். ஸ்ரீ விஜய புரம் என்ற புதிய பெயர் அப்போது அந்த ஊருக்கு வைக்கப்படவில்லை. அந்தமானில் பருவமழை தொடங்கியிருந்தது. இரண்டு மணி நேரம் வங்கக் கடல்மேல் பறந்த பிறகு காலுக்கடியில் சக்கரங்கள் இறங்கும் சத்தம் கேட்டது. ஜன்னலுக்கு வெளியே தென்னை மரங்களும் தகரக் கூரைகளும் மழைக்குள் மங்கலாகத் தெரிந்தன. சரி, வந்துவிட்டோம் என்று செருப்பை மாட்டிக்கொண்ட நேரத்தில் இரண்டு எஞ்சினும் ஒன்றாக உறுமின. முதுகு இருக்கையோடு ஒட்டிக்கொண்டது. தகரக் கூரைகள் கீழே நழுவிப் போக, ஜன்னலை மேகம் மூடியது.

இருபது நிமிடம் சுற்றிவிட்டு இன்னொரு முறை முயன்றார்கள். அதே தென்னை, அதே உறுமல். அப்புறம் கேப்டனின் குரல் வந்தது. வானிலை சரியில்லை, சென்னைக்கே திரும்புகிறோம் என்றார்.

பக்கத்து இருக்கையில் ஒரு அம்மா. மகளின் முதல் பிரசவத்துக்காகப் போகிறவர். மடியில் எவர்சில்வர் டப்பாவில் கருப்பட்டியும் சுக்கும் வைத்திருந்தார். "கண்ணு முன்னாடி ஊர் தெரியுது தம்பி. இவ்வளவு தூரம் வந்துட்டு இறக்கத் தெரியலியா இவருக்கு?" என்று என்னைக் கேட்டார். எனக்கு அன்று பதில் தெரியாது. அந்தக் கேள்வி மனதில் கிடந்து உறுத்தியதால்தான் விமானிகளின் வேலையைப் பற்றித் தேடிப் படிக்கத் தொடங்கினேன். அவருக்கு நான் சொல்லியிருக்க வேண்டிய பதிலை இங்கே எழுதுகிறேன்.

எரிபொருள் கணக்கு

அந்தத் திரும்பும் முடிவு போர்ட் பிளேர் வானத்தில் திடீரென்று எடுக்கப்பட்டதில்லை. அதற்கான இடம், விமானம் சென்னையில் நகரத் தொடங்குவதற்கு முன்பே ஒதுக்கப்பட்டுவிட்டது.

விமானியின் வேலைநாள் காக்பிட்டில் தொடங்குவதில்லை. இந்தியாவில் முதலில் ஊதிக் காட்ட வேண்டும். பறப்பதற்கு முந்தைய 12 மணி நேரத்தில் மது தொட்டிருக்கக் கூடாது என்பது டிஜிசிஏ எனப்படும் விமானப் போக்குவரத்து இயக்குநரகத்தின் விதி. முதல் முறை மாட்டினால் மூன்று மாதம் உரிமம் முடக்கம், இரண்டாம் முறை மூன்று வருடம், மூன்றாம் முறை உரிமமே ரத்து. ஊதி முடித்ததும் இரண்டு விமானிகளும் காகிதங்களோடு உட்காருகிறார்கள். இப்போது பெரும்பாலும் டேப்லெட்தான், ஆனால் பார்ப்பது அதே விஷயங்களை: போகும் வழியின் வானிலை, இறங்கும் ஊரின் வானிலை, எந்த ஓடுபாதையில் என்ன பழுது, எந்த விளக்கு எரியவில்லை, அப்புறம் எரிபொருள்.

எரிபொருளை அடுக்கடுக்காகக் கணக்குப் போடுகிறார்கள். ஊர் போய்ச் சேர ஆகும் அளவு முதல் அடுக்கு. வழியில் எதிர்காற்று, சுற்றுவழி என்று எதிர்பாராத செலவுக்கு ஒரு பங்கு. போன ஊரில் இறங்க முடியாவிட்டால் மாற்று நிலையம் வரை போக வேண்டிய அளவு. இவற்றுக்கெல்லாம் அடியில், தொடவே கூடாத முப்பது நிமிட இருப்பு. இதை நிறுவனத்தின் அலுவலகம் கணக்கிட்டு அனுப்புகிறது. எரிபொருளைச் சுமக்கவும் எரிபொருள் செலவாகும் என்பதால், வேண்டாத பாரத்தை எந்த நிறுவனமும் விரும்புவதில்லை. ஆனால் "இன்னும் ஒரு டன் போடுங்கள்" என்று கேப்டன் சொன்னால் போட்டாக வேண்டும்.

போர்ட் பிளேர் இந்தக் கணக்கில் கொஞ்சம் கொடுமையான ஊர். ஒரே ஓடுபாதைதான், அதையும் கடற்படையோடு பகிர்ந்துகொள்ள வேண்டும். சுற்றிலும் கடல். சென்னைக்கு வரும் விமானத்துக்கு மழை பெய்தால் பெங்களூரு இருக்கிறது, திருச்சி இருக்கிறது. போர்ட் பிளேருக்குப் போகிறவருக்கு அக்கம்பக்கத்தில் அப்படி ஒரு ஊர் கிடையாது. கார் நிகோபாரில் இருப்பது விமானப்படைத் தளம். ஆகவே போகும்போதே நிலப்பகுதிக்குத் திரும்பி வரும் அளவு எரிபொருளையும் தூக்கிக்கொண்டு போக வேண்டும். ஏ320 போன்ற விமானம் மணிக்கு ஏறக்குறைய இரண்டரை டன் குடிக்கும் என்று வைத்துக்கொண்டால் எவ்வளவு பாரம் என்று தெரியும்.

எங்கள் கேப்டன் ஏன் இரண்டு முறையோடு நிறுத்திக்கொண்டார் என்பதற்கு விடை இங்கே இருக்கிறது. ஒவ்வொரு முயற்சியும், ஒவ்வொரு சுற்றும் திரும்பும் பங்கிலிருந்து கொஞ்சம் தின்றுவிடுகிறது. மூன்றாவது முறை முயன்று அதுவும் தோற்றால் சென்னைக் கணக்கு உதைக்கும். இறங்கியே ஆக வேண்டும் என்ற நிலைக்கு எந்த விமானியும் தன்னைக் கொண்டுபோய் நிறுத்திக்கொள்ளக் கூடாது. 2015 ஆகஸ்டில் தோஹாவிலிருந்து கொச்சிக்கு வந்த ஒரு போயிங் 737 அந்த நிலைக்குப் போனது. கொச்சியில் இறங்க முடியாமல் மீண்டும் மீண்டும் முயன்று, திருவனந்தபுரம் போய், அங்கேயும் முயற்சி மேல் முயற்சி தோற்று, கடைசியில் தொட்டி ஏறக்குறைய காலியான நிலையில் தரையைத் தொட்டது. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அந்த விமானத்தில் இருந்த ஒவ்வொருவருக்கும் அன்று இரண்டாவது பிறந்தநாள் என்றே நினைக்கிறேன்.

எரிபொருள் கணக்கில் சறுக்குவது எவ்வளவு எளிது என்பதற்கு 1983 ஜூலை 23 சாட்சி. கனடா அப்போதுதான் பவுண்டிலிருந்து கிலோவுக்கு மாறிக்கொண்டிருந்தது. ஏர் கனடாவின் புத்தம் புதிய போயிங் 767 ஒன்றில் எரிபொருள் காட்டும் கருவி பழுது. குச்சி விட்டு அளந்து, கையால் கணக்குப் போட்டார்கள். வேண்டியது 22,300 கிலோ; உள்ளே இருந்தது 22,300 பவுண்டு, அதாவது பாதிக்கும் கொஞ்சம் குறைவு. தரை ஊழியர்களும் தவறவிட்டார்கள், விமானிகளும் தவறவிட்டார்கள். நடுவானில் இரண்டு எஞ்சினும் அணைந்தன. கிளைடர் ஓட்டிப் பழகிய கேப்டன், கிம்லி என்ற ஊரில் கைவிடப்பட்ட விமானப்படை ஓடுபாதை ஒன்றில் அதைச் சறுக்கி இறக்கினார். உயிர்ச்சேதம் இல்லை.

எரிபொருள் ஏறும் நேரத்தில் ஒரு விமானி மஞ்சள் சட்டை மாட்டிக்கொண்டு விமானத்தைச் சுற்றி நடப்பதைக் காத்திருப்புக் கூடத்துக் கண்ணாடி வழியாகப் பார்த்திருப்பீர்கள். டயரைப் பார்ப்பார், எஞ்சினுக்குள் எட்டிப் பார்ப்பார், மூக்குப் பக்கத்தில் நிமிர்ந்து நிற்பார். வேகத்தையும் உயரத்தையும் காற்றழுத்தத்தை வைத்து அளக்கும் சின்னக் குழல்களும் துளைகளும் அங்கேதான் இருக்கின்றன. 1996 அக்டோபர் 2 அன்று பெருவின் லிமாவிலிருந்து கிளம்பிய போயிங் 757 ஒன்றில், விமானத்தைக் கழுவும்போது அந்தத் துளைகள்மேல் ஒட்டிய டேப்பை யாரும் எடுக்கவில்லை. சுற்றி நடந்து பார்த்தபோதும் கண்ணில் படவில்லை. இரவு, கீழே கடல், பொய் சொல்லும் கருவிகள். 70 பேரும் இறந்தார்கள். அந்த நடையை நான் இப்போது வேறு கண்ணோடு பார்க்கிறேன்.

இரண்டு இருக்கைகள்

கேப்டன் ஓட்டுவார், பக்கத்தில் இருப்பவர் உதவியாளர் என்றுதான் நம்மில் பலர் நினைத்துக்கொண்டிருக்கிறோம். லாரியில் ஓட்டுநரும் கிளீனரும் போல. அது தவறு. சென்னையிலிருந்து போகும்போது கேப்டன் ஓட்டினால், திரும்பும்போது பெரும்பாலும் ஃபர்ஸ்ட் ஆபீசர் எனப்படும் துணை விமானி ஓட்டுவார். நீங்கள் மெச்சிக்கொண்ட மெத்தென்ற இறக்கம் இருபத்தைந்து வயதுப் பெண் ஒருவருடையதாக இருக்கலாம். இந்திய விமானிகளில் ஏறக்குறைய 15 சதவீதம் பெண்கள். உலக அளவில் இது மிக உயர்ந்த விகிதம்.

யார் ஓட்டினாலும் மற்றவருக்கு ஒரு முழு வேலை இருக்கிறது: கண்காணிப்பது. ஓட்டுபவரின் கை என்ன செய்கிறது, வேகம் எவ்வளவு, உயரம் எவ்வளவு, இறங்கும் வீதம் எவ்வளவு என்று பார்த்துக்கொண்டே இருப்பது, பிசகினால் உடனே வாய்விட்டுச் சொல்வது, தரைக்கட்டுப்பாட்டோடு பேசுவது, செக்லிஸ்ட் வாசிப்பது. என்னைக் கேட்டால் இந்தத் தொழிலின் உயிர்நாடி இந்த இரண்டாவது வேலையில்தான் இருக்கிறது.

எப்போதும் இப்படி இருந்ததில்லை. 1932 அக்டோபர் 15 அன்று டாடா நிறுவனத்தின் முதல் விமான அஞ்சலை ஜே.ஆர்.டி. டாடா கராச்சியிலிருந்து அகமதாபாத் வழியாக பம்பாய்க்குத் தனியாளாகக் கொண்டுவந்தார். அங்கிருந்து பெல்லாரி வழியாகச் சென்னைக்கு எடுத்து வந்தவர் நெவில் வின்சென்ட். வழிகாட்ட ரேடியோ கிடையாது. தப்பு நடந்தால் சொல்ல ஆளும் கிடையாது.

செக்லிஸ்ட் பிறந்த கதையும் அந்தக் காலத்ததுதான். 1935 அக்டோபரில் அமெரிக்காவின் ஓஹையோவில் போயிங்கின் புதிய குண்டுவீச்சு விமானம் ஒன்று சோதனைப் பறப்பில் மேலே எழும்பி உடனே விழுந்தது. ஓட்டியவர்கள் கத்துக்குட்டிகள் அல்லர், தேர்ந்த சோதனை விமானிகள். தரையில் நிற்கும்போது காற்றில் ஆடாமலிருக்க வால் பகுதியைப் பூட்டி வைக்கும் பூட்டைத் திறக்க மறந்திருந்தார்கள். இனி மனித நினைவை மட்டும் நம்பக் கூடாது என்று எழுதி வைத்து வாசிக்கத் தொடங்கினார்கள். இன்று இருபது வருட அனுபவம் உள்ள கேப்டனும், ஆயிரக்கணக்கான முறை செய்த வேலையாக இருந்தாலும், பட்டியலை ஒருவர் வாசிக்க மற்றவர் பார்த்துப் பதில் சொல்லித்தான் கிளம்புகிறார்.

புறப்படும் நொடிகளில் ஒரு சின்னச் செயல் எனக்கு மிகவும் பிடிக்கும். ஓடுபாதையில் வேகம் ஏறும்போது கேப்டனின் கை எஞ்சின் விசைகளின்மேல் இருக்கும். ஏதாவது கோளாறு என்றால் இழுத்து நிறுத்துவதற்காக. அன்றைய எடை, காற்று, வெப்பம், ஓடுபாதை நீளம் எல்லாம் வைத்து முன்கூட்டியே கணக்கிட்ட ஒரு வேகம் உண்டு. வி-ஒன் என்பார்கள். அதைத் தாண்டிவிட்டால் மிச்சமிருக்கும் பாதையில் நிற்க இடம் போதாது. "வி-ஒன்" என்ற அறிவிப்பு வந்ததும் கேப்டன் கையை விசையிலிருந்து எடுத்துவிடுகிறார். அதற்குப் பிறகு எஞ்சின் ஒன்று வெடித்தாலும் மேலே போய்த்தான் தீர வேண்டும். பயத்தில் கை தானாக இழுத்துவிடக் கூடாது என்பதற்காக, கையையே அங்கிருந்து அகற்றிவிடுகிறார்கள். ஆறு மாதத்துக்கு ஒரு முறை சிமுலேட்டரில் இந்த நொடியில் எஞ்சினை அணைத்துத்தான் இவர்களைச் சோதிக்கிறார்கள்.

பத்தாயிரம் அடிக்குக் கீழே வேலைக்குத் தொடர்பில்லாத பேச்சு கூடாது. 1974இல் அமெரிக்காவின் சார்லட் நகரில், இறங்கும் நேரத்தில் அரசியலும் பழைய கார்களும் பேசிக்கொண்டிருந்த விமானிகள் உயரத்தைக் கவனிக்காமல் விட்டார்கள். எழுபதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். 1981இல் இதைச் சட்டமாக்கினார்கள். நாம் "ஏறி இரண்டு நிமிடம் ஆச்சு, இன்னும் ஒரு அறிவிப்பும் காணோமே" என்று நினைக்கும் நேரம் அதுதான்.

மேலே போனதும் ஆட்டோபைலட். "எல்லாம் மெஷின்தானே ஓட்டுது" என்பது அடிக்கடி காதில் விழும் பேச்சு. மெஷின் சொன்னதைச் செய்கிறது. எதைச் சொல்வது என்பதுதான் வேலை. வங்கக் கடல்மேல் மே மாதத்தில் எழும் இடிமேகங்கள் விமானம் பறக்கும் உயரத்தையும் தாண்டி நிற்கும். ரேடார் நீர்த்துளியை நன்றாகக் காட்டும். மேகத்தின் உச்சியில் உறைந்து கிடக்கும் பனியை அவ்வளவாகக் காட்டாது. அதன் ஆண்டெனாவை மேலும் கீழும் சாய்த்துத் துழாவி, எந்தப் பக்கம் ஒதுங்குவது, எவ்வளவு தள்ளிப் போவது என்று முடிவு செய்ய வேண்டும். நடுக்கடலில் இந்த நொடி எஞ்சின் ஒன்று நின்றால் முன்னே போவதா பின்னே திரும்புவதா, எது பக்கம் என்ற கணக்கும் ஓடிக்கொண்டே இருக்கும்.

அந்த ஆயிரம் அடி

இப்போது அந்த அம்மாவின் கேள்விக்கு நேராக வரலாம். ஊர் தெரிந்தது, ஏன் இறக்கவில்லை?

இறங்குவதற்கு ஒரு வாசல் இருக்கிறது. மேகமும் மழையுமாக இருந்தால் தரையிலிருந்து 1,000 அடி உயரத்திலேயே எல்லாம் ஒழுங்காகிவிட்டிருக்க வேண்டும்: சக்கரங்கள் இறங்கியிருக்க வேண்டும், வேகம் சொன்ன அளவில் நிற்க வேண்டும், பாதையில் இருக்க வேண்டும், இறங்கும் வீதம் நிமிடத்துக்கு 1,000 அடியைத் தாண்டக் கூடாது. இதில் ஒன்று தவறினாலும் சரிசெய்து பார்க்கலாம் என்று இழுக்கக் கூடாது. எஞ்சினுக்கு முழு விசை கொடுத்து மேலே போய்விட வேண்டும். கோ-அரவுண்ட் என்பது அதற்குப் பெயர். எல்லாம் சரியாக வந்தாலும், குறிப்பிட்ட உயரத்தில் ஓடுபாதை கண்ணுக்குத் தெரியாவிட்டால் அப்போதும் மேலே போக வேண்டும். ஜன்னல் வழியாக நமக்குத் தென்னை தெரிவது வேறு. மழை அறையும் முன் கண்ணாடியில் விமானிக்கு ஓடுபாதை தெரிவது வேறு. நாம் பக்கவாட்டில் நேர் கீழே பார்க்கிறோம். அவர் மைல் கணக்கான மழையை ஊடுருவிச் சாய்வாகப் பார்க்கிறார்.

விதி இவ்வளவு தெளிவாக இருக்கிறதே, எல்லாரும் பின்பற்றுகிறார்களா? சர்வதேச அமைப்பான ஃபிளைட் சேஃப்டி ஃபவுண்டேஷன் ஆராய்ந்து பார்த்தபோது, ஒழுங்கு தவறிய இறக்கங்களில் ஏறக்குறைய 97 சதவீதம் அப்படியே தரையிறங்கித்தான் முடிந்தன. கோ-அரவுண்ட் செய்தது 3 சதவீதம். பெரும்பாலும் ஒன்றும் ஆகாமல் தப்பித்துவிடுகிறார்கள். அந்தத் தப்பித்தல்தான் அடுத்த முறைக்குத் துணிச்சல் கொடுக்கிறது.

2010 மே 22, காலை ஆறு மணிக்குச் சற்றுப் பிறகு. துபாயிலிருந்து மங்களூருக்கு வந்த ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் விமானம். மலைமுகட்டைச் சமன்படுத்திப் போட்ட ஓடுபாதை அது. முடியும் இடத்தில் பள்ளத்தாக்கு. வழியில் கேப்டன் ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் தூங்கியிருந்தார் என்பதை குரல் பதிவுக் கருவி காட்டிக்கொடுத்தது. விமானம் இருக்க வேண்டிய உயரத்தைவிட வெகு மேலே இருந்தபடி இறங்கத் தொடங்கியது. துணை விமானி மூன்று முறை கோ-அரவுண்ட் சொன்னார். கேப்டன் இறங்கினார். 8,000 அடிப் பாதையில் 5,200 அடி போன பிறகுதான் சக்கரம் தரையைத் தொட்டது. 158 பேர் இறந்தார்கள். பிழைத்தவர்கள் எட்டுப் பேர்.

பத்து வருடம் கழித்து, 2020 ஆகஸ்ட் 7 இரவு, கொரோனா காலத்தில் துபாயிலிருந்து நம்மவர்களை ஏற்றிக்கொண்டு கோழிக்கோட்டுக்கு வந்தது இன்னொரு விமானம். மீண்டும் ஒரு மேசை ஓடுபாதை, கொட்டும் மழை. கேப்டன் பக்கத்துக் கண்ணாடித் துடைப்பான் சில நொடிகள் ஓடி நின்றுவிட்டது. முதல் முறை சரியாகவே கோ-அரவுண்ட் செய்தார்கள். இரண்டாம் முறை எதிர்த் திசையில் இறங்க முயன்றபோது காற்று பின்னாலிருந்து தள்ளியது. 8,858 அடிப் பாதையில் 4,438 அடி தாண்டிச் சக்கரம் பட்டது. அதற்குள் துணை விமானி கோ-அரவுண்ட் சொல்லியிருந்தார். இரண்டு விமானிகள் உட்பட 21 பேர் இறந்தார்கள். அந்தக் கேப்டன் பத்தாயிரம் மணி நேரத்துக்கு மேல் பறந்தவர், விமானப்படையில் இருந்தவர். கோவையும் கொச்சியும் அங்கிருந்து அதிக தூரமில்லை. மறுநாள் காலை கோழிக்கோட்டிலிருந்து கிளம்ப வேண்டிய ஒரு விமானத்தை ஓட்ட அவர் அங்கே வந்து சேர்ந்தாக வேண்டியிருந்ததும் அவர் முடிவைப் பாதித்தது என்று விசாரணை அறிக்கை சொன்னது.

இரண்டு விபத்திலும் சரியான வார்த்தை காக்பிட்டுக்குள் சொல்லப்பட்டுவிட்டது. சொன்னவர் இளையவர். அதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு கனக்கிறது.

சார் என்ற சொல்

இது இந்தியாவுக்கு மட்டுமான நோய் என்று சொல்ல மாட்டேன். 1977 மார்ச் 27 அன்று ஸ்பெயினுக்குச் சொந்தமான டெனரீஃப் தீவில், மூடுபனிக்குள் இரண்டு ஜம்போ விமானங்கள் ஓடுபாதையில் மோதி 583 பேர் இறந்தார்கள். அவற்றில் ஒன்றான, டச்சு நிறுவனம் கேஎல்எம்மின் விமானம் ஓடத் தொடங்கியபோது காக்பிட்டில் பின்னால் இருந்த பொறியாளர், அந்த இன்னொரு விமானம் பாதையை விட்டு விலகவில்லையா என்று கேட்டார். நிறுவனத்தின் மூத்த, பேர்பெற்ற கேப்டன், விலகிவிட்டது என்று அழுத்தமாகச் சொன்னார். பொறியாளர் அதற்குமேல் பேசவில்லை. மறுவருடம் டிசம்பரில் அமெரிக்காவின் போர்ட்லாண்டில், சக்கரக் கோளாறை ஆராய்ந்துகொண்டு ஒரு மணி நேரம் வட்டமடித்த விமானம் எரிபொருள் தீர்ந்து விழுந்தது. எரிபொருள் குறைகிறது என்று மற்ற இருவரும் கோடிகாட்டினார்கள். கோடிகாட்டினார்கள், அவ்வளவுதான். கேப்டனின் தலைக்குள் அது ஏறவில்லை.

இந்த விபத்துகளுக்குப் பிறகு 1979இல் நாசா கூட்டிய கருத்தரங்கில் ஒரு புதிய பயிற்சி உருவெடுத்தது. இளையவர் எப்படித் தெளிவாக, தயங்காமல் சொல்வது. மூத்தவர் எப்படி அதைக் காதில் வாங்குவது. 1981 முதல் நிறுவனங்கள் கற்றுக்கொடுக்கத் தொடங்கின. இன்று உலகெங்கும் கட்டாயம். கேட்க சாதாரணமாக இருக்கும். ஆனால் 1989 ஜூலையில் அமெரிக்காவின் சூ சிட்டியில் என்ன நடந்தது என்று பாருங்கள். வால் எஞ்சின் வெடித்து, திருப்பும் கருவி எதுவுமே வேலை செய்யாத விமானத்தை, கேப்டன் அல் ஹேன்ஸ் தன் இரண்டு துணைவர்களோடு, பயணியாக வந்திருந்த இன்னொரு பயிற்சி விமானியையும் உள்ளே கூப்பிட்டு, எஞ்சின் விசையைக் கூட்டிக் குறைத்தே ஓடுபாதை வரை கொண்டுவந்தார்கள். 296 பேரில் 184 பேர் பிழைத்தார்கள். அந்தப் பயிற்சி இல்லாவிட்டால் முடிந்திருக்காது என்று ஹேன்ஸ் பின்னாளில் ஊர் ஊராகப் போய்ச் சொன்னார்.

2009 ஜனவரியில் நியூயார்க்கின் ஹட்சன் ஆற்றில் இறங்கிய விமானம் எல்லாருக்கும் தெரியும். பறவைகள் மோதியபோது ஓட்டிக்கொண்டிருந்தவர் துணை விமானி ஸ்கைல்ஸ். கேப்டன் சல்லன்பெர்கர் "மை ஏர்கிராஃப்ட்" என்றார். "யுவர் ஏர்கிராஃப்ட்" என்று பதில் வந்தது. இரண்டிரண்டு சொல்லில் விமானம் கைமாறியது. அடுத்த நொடியே ஸ்கைல்ஸ் எஞ்சினை மீண்டும் எழுப்பும் செக்லிஸ்டைக் கையில் எடுத்துவிட்டார். பறவை மோதியதிலிருந்து தண்ணீரைத் தொடும் வரை 208 நொடி. 155 பேரும் பிழைத்தார்கள்.

நம் ஊரில் இந்தப் பயிற்சிக்கு இன்னொரு தடையும் இருக்கிறது. பெரியவர் பேசும்போது குறுக்கே பேசாதே என்று சொல்லித்தான் நம்மை வளர்க்கிறார்கள். ஃபர்ஸ்ட் ஆபீசருக்கு கேப்டன் "சார்". தன்னைவிட இருபது வயது மூத்தவர், நாளைக்குத் தன்னைப் பற்றி நல்ல வார்த்தை எழுத வேண்டியவர். அவரிடம், கொட்டும் மழையில், ஐந்தாறு நொடி அவகாசத்தில், "நீங்கள் செய்வது தப்பு, மேலே போங்கள்" என்று சொல்ல வேண்டும். அந்தச் சொல்லை மரியாதைக் குறைவாக எடுத்துக்கொள்ளாத மனம் இடதுபக்கக் கேப்டன் இருக்கையில் உட்கார்ந்திருக்க வேண்டும். பன்னிரண்டாம் வகுப்பில் இயற்பியலும் கணக்கும், 200 மணி நேரப் பறப்பு, எழுத்துத் தேர்வுகள், மருத்துவப் பரிசோதனை, அரைக் கோடிக்குக் குறையாத செலவு என்று இந்த வேலைக்கு வரும் வழியைப் பற்றி எல்லாரும் பேசுகிறார்கள். இந்த ஒரு பழக்கத்தைப் பற்றி யாரும் பிள்ளைகளிடம் சொல்வதில்லை.

தூக்கம் ஒரு கடமை

மங்களூர் விபத்து நடந்தது காலை ஆறு மணிக்கு என்பதை மறக்கக் கூடாது. அதிகாலை இரண்டிலிருந்து ஆறு வரை மனித உடல் மிகவும் தளர்ந்து கிடக்கும் நேரம். அனுபவமோ காபியோ அதை மாற்றாது. விமானி வருடத்துக்கு 1,000 மணி நேரத்துக்குமேல் பறக்கக் கூடாது என்பதுபோல, ஒரு நாளுக்கு, வாரத்துக்கு, மாதத்துக்கு எல்லாம் எல்லைகள் உண்டு. களைப்பாக இருக்கிறேன், என்னால் ஓட்ட முடியாது என்று சொல்வதும் விமானியின் கடமைகளில் ஒன்று. சொன்னால் நிறுவனம் முகம் சுளிக்கும் என்ற பயம் உள்ளவர்கள் சொல்வதில்லை.

2024 ஜனவரியில் டிஜிசிஏ விதிகளை இறுக்கியது. வார ஓய்வு 36 மணி நேரத்திலிருந்து 48 ஆனது. இரவு என்பது காலை ஆறு மணி வரை நீண்டது. இரவுப் பணியில் ஆறு இறக்கம் வரை இருந்ததை இரண்டாகக் குறைத்தார்கள். நிறுவனங்கள் எதிர்த்தன, விஷயம் டெல்லி உயர் நீதிமன்றம் போனது, பிறகு 2025இல் ஜூலை, நவம்பர் என்று இரண்டு கட்டமாக அமலுக்கு வந்தது. டிசம்பர் தொடக்கத்தில் இண்டிகோ ஆயிரக்கணக்கான விமானங்களை ரத்து செய்தது உங்களுக்கு நினைவிருக்கும். புதிய விதிக்கு ஏற்ற அளவு விமானிகள் அட்டவணையில் இல்லை. சில விதிகளிலிருந்து அந்த நிறுவனத்துக்குத் தற்காலிக விலக்கு கொடுக்கப்பட்டது. விமான நிலையத்தில் பெட்டி மேல் படுத்துக் கிடந்த பயணிகளின் கோபம் எனக்குப் புரிகிறது. ஆனால் அந்த நாட்களில் "ரெஸ்ட் ரூல்" என்ற சொல்லே ஏதோ விமானிகளின் சொகுசு போலப் பேசப்பட்டது வருத்தமாக இருந்தது. தூங்கி எழுந்த ஒருவர் கையில்தான் நாம் நம் பிள்ளைகளை ஒப்படைக்கிறோம்.

அன்று மதியம் இரண்டு மணி அளவில் சென்னையில் இறங்கினோம். கேப்டன் காக்பிட் கதவருகே நின்று ஒவ்வொருவரிடமும் வருத்தம் சொல்லிக்கொண்டிருந்தார். சட்டைக் காலர் வியர்வையில் நனைந்திருந்தது. அவருக்குப் பின்னால் துணை விமானி குனிந்து ஏதோ பதிவேட்டில் எழுதிக்கொண்டிருந்தார். எனக்கு முன்னால் போனவர், "எண்ணெய் போட்டுக்கிட்டு மறுபடி கிளம்பலாமே சார்?" என்று கேட்டார். "நாங்க காலைல நாலரைக்கு வந்தோம் சார். இன்னொரு தடவை போனா எங்க டைம் தாண்டிடும். வேற க்ரூ கூட்டிட்டுப் போவாங்க" என்றார் கேப்டன்.

மறுநாள் காலை வேறு கேப்டன், வேறு துணை விமானி. வானம் வெளுத்திருந்தது. முதல் முறையிலேயே இறங்கினோம். பெட்டிகள் வரும் பட்டையருகே அந்த அம்மா டப்பாவை அணைத்தபடி நின்றிருந்தார். மகளுக்கு இன்னும் வலி எடுக்கவில்லையாம்.